மாக்டெயில் பக்கத்தை மூடிவையுங்கள்: ஓட்டலில் மதுவில்லாத நல்ல பானம் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "மது தொடுவதில்லை. ஆனால் நண்பர்களோடும் அலுவலகத்தாரோடும் நல்ல ரெஸ்டாரன்ட்டுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. லைம் சோடா, கோக், நீல நிறத்தில் ஏதோ ஒரு மாக்டெயில். இவற்றை விட்டால் வேறு எதுவும் கிடையாதா? என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?"

நிறையவே கிடைக்கும். ஆனால் அவற்றில் பாதி மெனுவில் இருக்காது. சென்னை, கோவை, பெங்களூரு, கொச்சி போன்ற ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் மாக்டெயில் பக்கம். புளூ லகூன், கிரீன் ஆப்பிள் மொஹிட்டோ, ஸ்ட்ராபெரி ஃபிஸ் என்று ஒரு டஜன் பெயர் இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் உள்ளே நடப்பது ஒன்றுதான். பாட்டில் சிரப் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, மேலே ஸ்பிரைட். மாறுவது சிரப் பாட்டில் மட்டும். புளூ லகூனின் நீலம் எந்தப் பழத்திலிருந்தும் வருவதில்லை. ஆரஞ்சு மணம் சேர்த்த சர்க்கரைப் பாகில் போட்ட சாயம் அது. பார் சிரப்புகளில் 100 மில்லிக்கு 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை இருக்கும். 30 மில்லியில் 20 கிராம் என்று வையுங்கள். மேலே ஊற்றும் 200 மில்லி குளிர்பானத்தில் இன்னும் ஏறக்குறைய 20 கிராம். ஆக ஒரு கிளாஸில் ஏறக்குறைய பத்து டீஸ்பூன் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் முழுக்க 50 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. இரண்டு கிளாஸ் புளூ லகூன் குடித்தவருக்குப் பிரியாணி இறங்காததில் ஆச்சரியமில்லை.

இந்த நிலைமைக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் தனி ரெஸ்டாரன்ட்டுகளுக்கு மதுபான உரிமம் பொதுவாகக் கிடையாது. எஃப்.எல்.2 என்ற உரிமம் கிளப்புகளுக்கு, எஃப்.எல்.3 என்பது தங்கும் வசதியுள்ள ஓட்டல்களுக்கு. ஆகவே முறையாகப் பயிற்சி பெற்ற பார்டெண்டர்கள் இருப்பது ஓட்டல் பார்களில்தான். வெளியே உள்ள ரெஸ்டாரன்ட்டுகளில் பானம் போடுகிறவர் ஜூஸ் மாஸ்டர். இவரிடம் மிக்ஸி, எலுமிச்சை, பழங்கள், புதினா, இஞ்சி எல்லாம் புதிதாக இருக்கும். பாட்டில்கள் குறைவு. ஓட்டல் பாரில் டானிக் வாட்டர் (கசப்பான சோடா வகை), பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் சேர்க்கும் கசப்புச் சாறு), ஜிஞ்சர் ஏல் (இஞ்சி மணக் குளிர்பானம்), ஷேக்கர் எல்லாம் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேட்டால் ஏதோ ஓர் இடத்தில் ஏமாற்றம்தான்.

என்ன கேட்பது என்பதற்கு முன்னால், மது ஒரு கிளாஸில் செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போதையை விட்டுத்தள்ளுங்கள். சுவைக்கணக்கில் அது மூன்று காரியம் செய்கிறது. தொண்டையில் ஓர் எரிச்சல் தருகிறது. அதனால் மடமடவென்று குடிக்காமல் சிறுகச் சிறுகக் குடிக்கிறோம். மணத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. இனிப்பை வெட்டுகிறது. காக்டெயிலிலிருந்து மதுவை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்பும் புளிப்பும். அதை இரண்டே மடக்கில் முடித்துவிட்டு ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நல்ல மதுவில்லாப் பானம் அந்த எரிச்சலையும் கசப்பையும் துவர்ப்பையும் வேறு வழியில் கொண்டுவரும். எரிச்சலுக்கு இஞ்சி, பச்சை மிளகாய், மிளகு. கசப்புக்கு டானிக், காபி, சாத்துக்குடி அல்லது பம்பளிமாஸின் தோல். துவர்ப்புக்குக் கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்), மாதுளை, கோகம் (கொங்கணக் கரையின் புளிப்புப் பழம்). மணத்துக்குப் புதினா, துளசி, கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல். இந்த நாலில் எவையேனும் இரண்டு, கூட ஒரு சிட்டிகை உப்பு இருந்தால் கிளாஸ் அரை மணி நேரம் தாங்கும். மெனுவில் ஒரு பானத்தைப் படிக்கும்போதும் இதையே தேடுங்கள். பொருள் வரிசையில் எல்லாமே பழமும் சிரப்புமாக இருந்தால் தாண்டிவிடுங்கள். இஞ்சி, மிளகாய், தேநீர், டானிக், உப்பு என்று ஏதாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

ஜூஸ் கவுண்டர் உள்ள ரெஸ்டாரன்ட்டில் சர்வரிடம் இப்படிக் கேட்கலாம்: "தம்பி, மாக்டெயில் வேண்டாம். எலுமிச்சை இப்பப் புழிஞ்சு போடுவாங்களா? ஃப்ரெஷ் இஞ்சி இருக்கா? சோடா பாட்டிலைத் தனியா உடைக்காமக் கொண்டு வாங்க." மூன்று கேள்வியிலும் காரணம் இருக்கிறது. காலையில் பிழிந்து வைத்த எலுமிச்சைச் சாறு மாலைக்குள் மணம் போய், புளிப்பும் லேசான கசப்பும் மட்டும் மிஞ்சும். விதையோடு மிக்ஸியில் அடித்தாலும் அதே கசப்பு. சோடாவை உள்ளே ஊற்றிக் கலக்கி, பிறகு ட்ரேயில் கொண்டுவரும்போது கேஸ் பாதி போயிருக்கும். சூடான சோடாவில் கேஸ் நிற்காது என்பதால் "ஜில்லுன்னு இருக்கிற சோடா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஐஸ் கிளாஸ் நிறைய இருக்கட்டும். ஐஸ் குறைத்தால் பானம் கூட வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நாலு துண்டு ஐஸ் சீக்கிரம் உருகிப் பானத்தைத் தண்ணீராக்கும், நிறைய ஐஸ் மெதுவாக உருகும்.

அளவு தெரிந்தால் சொல்லிவிடலாம், மாஸ்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. இஞ்சிச் சாறு 10 மில்லி, எலுமிச்சை 20, சர்க்கரைப் பாகு 15, உப்பு ஒரு சிட்டிகை, சோடா 120. இஞ்சிச் சாறு புதிதாகப் பிழிந்ததென்றால் அடியில் வெள்ளையாக மாவு படியும். அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசி மடக்கு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். உப்பு எதற்கு என்று கேட்பார்கள். உப்புக் கரிக்கும் அளவுக்கு அல்ல. அந்தச் சிட்டிகை கசப்பை அடக்கிப் பழத்தின் மணத்தை முன்னால் கொண்டுவருகிறது. சர்க்கரை எப்போதும் பாகாகத்தான் வரவேண்டும். குளிர்ந்த சோடாவில் போட்ட சர்க்கரை கரையாது. அதைக் கரைக்கக் கரண்டியால் கலக்கக் கலக்கக் கேஸ்தான் போகும்.

புதினாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வர்ஜின் மொஹிட்டோ, அதாவது மதுவில்லாத மொஹிட்டோ, கெட்டுப்போவது புதினாவால்தான். இலையைக் கிழிந்து கூழாகும்வரை இடித்தால், அல்லது மிக்ஸியில் அடித்தால், பச்சைத்தழை வாடையும் கசப்பும் வரும். நல்ல மணம் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. எட்டுப் பத்து இலையைப் பாகோடு சேர்த்து இரண்டு முறை லேசாக அழுத்தினால் போதும். பானம் தெளிவாக, இலை முழுசாக வந்தால் கை தெரிந்த ஆள். பானமே பச்சையாக வந்தால் மிக்ஸி, பளபளவென்று பச்சையாக வந்தால் பாட்டில். இன்னொன்று: அன்னாசி மில்க்ஷேக்கை எந்தக் கடையிலும் கேட்காதீர்கள். பச்சை அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் பத்தே நிமிடத்தில் கசக்க ஆரம்பிக்கும். கசக்கவில்லை என்றால் அது டப்பா அன்னாசி அல்லது எசன்ஸ்.

ஓட்டல் பாருக்கு வருவோம். குடிக்காதவர்கள் பார் பக்கம் போகத் தயங்குகிறார்கள். ஆனால் மதுவில்லாத நல்ல பானம் போடக்கூடிய ஆள் அங்கேதான் நிற்கிறார். கூட்டமில்லாத நேரத்தில், ஏழு மணிக்குள் போனால், பேசவும் நேரம் இருக்கும். "ஆல்கஹால் இல்லாம, இனிப்பு கம்மியா, கொஞ்சம் கசப்பா, நீளமான கிளாஸ்ல" என்று சுவையால் சொல்லுங்கள். பெயர் சொன்னால் அவர் சிரப் பாட்டிலை எடுப்பார், சுவை சொன்னால் யோசிப்பார்.

அங்கே கேட்கத் தகுந்தவை சில. எளிதானது டானிக் வாட்டர். கொயினைன் கசப்பு இருப்பதால் தனியாகவே நிற்கும். வெள்ளரித் துண்டு, எலுமிச்சைத் தோல், இரண்டு கறிவேப்பிலையைக் கையில் தட்டிப் போட்டது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். டானிக்கிலும் 100 மில்லிக்கு எட்டு கிராம் போலச் சர்க்கரை உண்டு என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரை இல்லாத வகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகள் கொயினைனைத் தவிர்ப்பது நல்லது. (பாரில் புற ஊதா விளக்கு இருந்தால் டானிக் கிளாஸ் நீலமாக ஒளிரும். புளூ லகூனைவிட அழகான நீலம்.)

அடுத்து கன்னர். ஹாங்காங், சிங்கப்பூர் பக்கத்துப் பழைய கிளப்புகளின் பானம். ஜிஞ்சர் ஏல் பாதி, ஜிஞ்சர் பீர் (பெயரில்தான் பீர், பொதுவாக மதுவில்லாத காரமான இஞ்சிக் குளிர்பானம்) பாதி, எலுமிச்சை 10 மில்லி, மேலே பாட்டிலை இரண்டு முறை வீசித் தெளித்த அங்கோஸ்டுரா பிட்டர்ஸ். ஜிஞ்சர் ஏல் மென்மை, ஜிஞ்சர் பீர் காரம், இரண்டும் சேர்ந்தால்தான் சரி. ஜிஞ்சர் பீர் இல்லையென்றால் ஜிஞ்சர் ஏலோடு 5 மில்லி புது இஞ்சிச் சாறு சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. 1824-ல் வெனிசுலாவில் ஒரு மருத்துவர் வயிற்றுக்கான மருந்தாகச் செய்த அந்த பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால். இரண்டு வீச்சு என்பது இரண்டு மில்லிக்குள்தான். 200 மில்லி கிளாஸில் அது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சுவைக்காக மட்டும் மதுவைத் தவிர்ப்பவருக்கு இது பொருட்டல்ல. மத நம்பிக்கையால் தவிர்ப்பவர், குடியை விட்டு மீண்டவர், சில மருந்துகள் எடுப்பவர் ஆகியோர் "பிட்டர்ஸும் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல பார்டெண்டர்கள் அதை மசாலா மாதிரிதான் நினைக்கிறார்கள், மதுவாக நினைப்பதில்லை. ஷேக்கரைக் கழுவிப் போடச் சொல்வதும் தவறில்லை.

வர்ஜின் மேரி, அதாவது காரத் தக்காளிச் சாறு, நம் நாக்குக்கு மிகவும் நெருக்கமானது. அது ஏறக்குறைய குளிர்ந்த ரசம். டின் தக்காளிச் சாறு 120 மில்லி, எலுமிச்சை 15, டபாஸ்கோ மிளகாய் சாஸ் மூன்று சொட்டு, வோர்செஸ்டர்ஷைர் சாஸ் நாலு சொட்டு, மிளகு, உப்பு. தக்காளியைப் புதிதாக மிக்ஸியில் அடித்தால் நுரைத்துப் பிரிந்துவிடும். புதியதுதான் நல்லது என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. குலுக்கவும் கூடாது, ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு முறை ஆற்றினால் போதும். சைவர்கள் கவனிக்க வேண்டியது: வோர்செஸ்டர்ஷைர் சாஸின் அசல் செய்முறையில் நெத்திலி மீன் உண்டு. மீன் சேராத வகைகளும் விற்கின்றன. பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். அந்த சாஸுக்குப் பதில் ஒரு சிட்டிகை சீரகப்பொடியும் இரண்டு சொட்டுப் புளித்தண்ணீரும் போட்டாலும் குறையிருக்காது. ரசத்தையே கோப்பையில் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள அவர்தனாவில் தெளியவைத்த தக்காளி ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் பானமாகத்தான் பரிமாறுகிறார்கள்.

எஸ்பிரெசோ டானிக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்போடு கேளுங்கள். கிளாஸ் நிறைய ஐஸ், டானிக் 150 மில்லி, அதன்மேல் எஸ்பிரெசோ 30 முதல் 60 மில்லி மெதுவாக. வரிசை மாறினால், காபி மேல் டானிக் ஊற்றினால், பொங்கி மேசையில் வழியும். கறுக வறுத்த கொட்டையென்றால் இரண்டு கசப்பும் சேர்ந்து நிலவேம்புக் கஷாயம் ஆகிவிடும். இளவறுப்புக் காபி வைத்திருக்கும் கடைகளில் மட்டும் இதைக் கேளுங்கள். சிக்கரி கலந்த டிகாக்ஷனில் முயலவே வேண்டாம்.

பினா கொலாடா மதுவில்லாமலும் நன்றாகவே இருக்கும். ஆனால் அன்னாசிச் சாறும் தேங்காய்க் கிரீமும் சேர்ந்த அது ஒரு டெஸர்ட். சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் சாப்பாடு அங்கேயே முடிந்தது.

மெனுவை முழுக்கப் புரட்ட நேரமில்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எந்த நாட்டுச் சாப்பாடோ அந்த நாட்டுக்காரர் மதுவில்லாமல் என்ன குடிக்கிறாரோ அதைக் கேளுங்கள். மது குடிக்காத சமூகங்கள் பல தலைமுறையாகச் செம்மைப்படுத்திய பானங்களுக்கு முன்னால் நேற்று வந்த மாக்டெயில் நிற்க முடியாது. அரபு மந்தி கடையில் எலுமிச்சையும் புதினாவும் ஐஸோடு அடித்த லிமோனானா, உப்புத் தயிர்ப்பானமான லபன், செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் கர்கதே கிடைக்கலாம். தமர் ஹிந்தி என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள். அதாவது நம்முடைய புளி, பானமாகப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆங்கிலத்தின் டாமரிண்டுக்கும் அதுதான் வேர்.

ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையை ஒட்டிக் கொரியர்கள் வந்ததில் சென்னைக்கு நல்ல கொரியக் கடைகள் கிடைத்தன. அங்கே மெனுவின் கடைசி வரியில் ஷிக்கே, சுஜோங்க்வா என்று இரண்டு பெயர் இருக்கலாம். முன்னது முளைகட்டிய பார்லியால் சோற்றை இனிக்கவைத்துச் செய்வது, சோற்றுப் பருக்கை மிதக்கும். பின்னது பட்டையும் இஞ்சியும் கொதிக்கவைத்து உலர்ந்த சீமைப் பனிச்சம்பழம் (பெர்சிமன்) போட்டது, குளிர வரும். சுக்குக் கஷாயம் பிடித்தவருக்கு சுஜோங்க்வா பிடிக்காமல் போகாது. வறுத்த பார்லித் தண்ணீரைச் சில இடங்களில் தண்ணீருக்குப் பதிலாகவே வைப்பார்கள், காசு கிடையாது. ஜப்பானியக் கடையில் ஜென்மைச்சா என்ற பொரியரிசி கலந்த பச்சைத் தேநீர் எண்ணெய்ப் பலகாரத்துக்கு அவ்வளவு பொருத்தம். ராமுனே என்ற சோடா பாட்டிலைப் பார்த்தால் சிரிப்பு வரும், கழுத்தில் கோலி இருக்கும். 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்த பாட்டில்தான் நம் ஊர்க் கோலி சோடாவும். தாய் கடையில் எலுமிச்சம்புல், பாண்டன் இலை போட்டதைக் கேளுங்கள். சங்குப்பூ நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா ஆவது, படத்துக்கு நன்றாக இருக்கும். சுவையில் சங்குப்பூவின் பங்கு மிகக் குறைவு.

நம் பக்கத்துப் பானங்களுக்குப் பெரிய ரெஸ்டாரன்ட்டுகளில் இப்போது மரியாதை கூடியிருக்கிறது, கூடவே கலப்படமும். நன்னாரி சர்பத் கேட்டால் பாகு வேரில் காய்ச்சியதா எசன்ஸா என்று விசாரியுங்கள். வேர் என்றால் மண்வாசனையும் லேசான துவர்ப்பும் இருக்கும், எசன்ஸ் ஐஸ்கிரீம் மாதிரி மணக்கும். 30 மில்லி பாகுக்கு அரை மூடி எலுமிச்சை என்பது வழக்கமான அளவு. ஒரு மூடியாக ஏற்றி, தண்ணீருக்குப் பதில் சோடா கேட்டால் வேறு தரத்துக்குப் போய்விடும். சப்ஜா விதை பத்து நிமிடமாவது ஊறியிருக்க வேண்டும். ஊறாதது பல்லில் கடிபடும். கேரளத்துக் குலுக்கி சர்பத்தில் கீறிய பச்சை மிளகாயும் இஞ்சியும் எலுமிச்சையும் ஐஸோடு குலுக்கப்படுகின்றன. நான் மேலே சொன்ன எரிச்சலும் மணமும், கூடவே புளிப்பும் ஒரே கிளாஸில். தெருக்கடைக்காரர் எந்தப் பார்டெண்டர் பள்ளிக்கும் போகாமல் கண்டுபிடித்த சரியான விகிதம் அது. கொங்கணி, மங்களூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் சோல்கடி இருக்கும், கோகமும் தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும். மங்களூர்ப் பக்கம் கோகத்துக்குப் புனர்புளி என்று பெயர், சோடாவோடும் கேட்கலாம். கோகம் சிரப்பில் சர்க்கரை அதிகம். சர்க்கரை சேராத கோகச் சாற்றைக் கேட்டு வாங்கிச் சோடா, உப்பு, வறுத்த சீரகம் சேர்த்தால் வறுத்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. மலபார்க் கடையின் சுலைமானியை, அதாவது எலுமிச்சை சேர்த்த கட்டன் சாயாவை, ஐஸில் ஊற்றித் தரச் சொன்னால் சற்று விழிப்பார்கள், ஆனால் தருவார்கள். டப்பா பீச் ஐஸ் டீயைவிட நூறு மடங்கு மேல். குளிரக் குளிரக் கலங்கினால் பயப்பட வேண்டாம், தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் குளிரில் திரள்வதுதான் அது.

ஐஸ் டீ என்று மெனுவில் இருந்தால் "தூளா, காய்ச்சினதா?" என்ற ஒரே கேள்வி போதும்.

சாப்பாட்டோடு சேர்ப்பதில் ஒரு பெரிய தவறு பரவலாக நடக்கிறது. மிளகாய் தூக்கலான ஆந்திராச் சாப்பாட்டுக்கும் செட்டிநாட்டு வறுவலுக்கும் சோடாவோ குளிர்பானமோ வாங்குவது. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. சோடாவின் கேஸ் நாக்கில் ஏற்கெனவே எரியும் நரம்பை இன்னும் சீண்டும். பாலின் புரதம்தான் காரத்தைப் பிடித்துக் கழற்றும். ஆகவே அங்கே நீர்மோர், லபன், உப்பு லஸ்ஸி. நீர்மோரை அலுப்பான பானமாக நினைக்க வேண்டாம். வறுத்த சீரகம், இடித்த இஞ்சி, கறிவேப்பிலை போட்டு வடிகட்டி, நீளக் கிளாஸில் ஐஸோடு தரச் சொல்லுங்கள். மாறாக, நெய் மிதக்கும் பிரியாணிக்குப் புளிப்பும் கேஸும் வேண்டும், உப்பு லைம் சோடா அங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. சீஸ் உருகும் பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் சர்க்கரையில்லாத கட்டன் ஐஸ் டீ அல்லது டானிக்.

மதுவில்லா பீர், மதுவில்லா ஜின் பற்றியும் கேட்பார்கள். ஹைனெகன் 0.0 2017-ல் வந்தது, இப்போது இந்தியாவிலும் பல பெயர்களில் 0.0 வகைகள் கிடைக்கின்றன. பாட்டிலில் '0.0' என்பதும் 'ஆல்கஹால் ஃப்ரீ' என்பதும் ஒன்றல்ல. பல நாடுகளில் அரை சதவீதம் வரை இருந்தால்கூட 'ஃப்ரீ' என்று போடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதியும் அரை சதவீதத்துக்கு மேற்பட்டதைத்தான் மதுபானம் என்கிறது. புளிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவிலும் புளித்த அன்னாசித்தோல் பானமான தெபாச்சேவிலும் சிறிதளவு ஆல்கஹால் தானாகவே உண்டாகும். மதுவில்லா ஜின் என்று விற்பவை மூலிகை, மசாலா வாசனை ஏற்றிய நீர்; இங்கிலாந்தில் 2015-ல் சீட்லிப் தொடங்கிவைத்த வகை. டானிக்கோடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காக்டெயில் விலை சொல்வார்கள். ஏலக்காய் இரண்டு நசுக்கி, எலுமிச்சைத் தோல் பிழிந்து டானிக்கில் போட்டால் எனக்குத் தெரிந்தவரை முக்கால் பங்கு வேலை நடந்துவிடும். குடியை விட்டவர்கள் 0.0 பீரைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆல்கஹால் இல்லாவிட்டாலும் வாசனையும் கிளாஸும் பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடக்கூடும்.

சாத்துக்குடிக்கு அண்ணன் மாதிரி இருக்கும் கிரேப்ஃபுரூட் சாறு பார்களில் அடிக்கடி வருகிறது. கொலஸ்டிராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், அந்தச் சாறு உடலில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். சில ரத்த அழுத்த மருந்துகளுக்கும் இதே கதை.

அலுவலக விருந்தில் "ஏன் குடிக்கலை?" என்ற விசாரணையைத் தவிர்க்க வேண்டுமென்றால் கிளாஸ்தான் முக்கியம். குடை, செர்ரி, வளைந்த ஸ்ட்ரா எதுவும் வேண்டாம் என்று சொல்லி, குட்டையான கனத்த கிளாஸில் ஜிஞ்சர் ஏலும் எலுமிச்சையும், அல்லது நீளக் கிளாஸில் டானிக்கும் வெள்ளரியும் வாங்கிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பல வகைகளாக வரிசையாகப் பரிமாறும் டேஸ்டிங் மெனுவுக்கு முன்பதிவு செய்யும்போதே, இரண்டு நாள் முன்னால், மதுவில்லாப் பான வரிசை இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். தேநீரை ஊறவைக்கவும் சாறு தெளியவைக்கவும் அவர்களுக்கு நேரம் வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் ஆரஞ்சு ஜூஸ்தான் வரும்.

வந்த பானம் இனித்தால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கேப்டனைக் கூப்பிட்டு, "சார், அரை மூடி எலுமிச்சை, உப்பு, ஒரு சோடா கொடுங்க" என்றால் போதும். பானத்தில் பாதியை வேறு கிளாஸுக்கு மாற்றி இரண்டையும் சோடாவால் நிரப்புங்கள். நீர்த்துப்போனதை எந்தச் சேர்க்கையாலும் சரிசெய்ய முடியாது, அதை மட்டும் திருப்பி அனுப்பலாம்.

எதுவுமே சரிவராத இடத்திலும் இந்த ஐந்து பொருள்கள் கிடைக்கும்: சீல் உடைக்காத சோடா, எலுமிச்சை, உப்பு, மிளகுத்தூள், ஐஸ். மேசையிலேயே செய்யலாம். ஒரு முழு எலுமிச்சையைக் கிளாஸில் பிழிந்து, இரண்டு சிட்டிகை உப்பு போட்டு, சோடா வருவதற்கு முன்னாலேயே கரண்டியால் நன்றாகக் கரையுங்கள். சோடாவில் உப்பைப் போட்டால் பொங்கிக் கேஸ் போய்விடும். பிறகு ஐஸ் நிறைய. கிளாஸைச் சாய்த்துப் பக்கவாட்டில் சோடா 150 மில்லி. கலக்காதீர்கள், கரண்டியை அடியிலிருந்து ஒரு முறை மேலே தூக்கினால் போதும். பிழிந்த மூடியின் தோல் பக்கத்தைக் கிளாஸின் வாய்மேல் மடித்து அழுத்துங்கள், எண்ணெய் தெறிக்கும். கடைசியில் மிளகு.